பிறேமின் மூன்றாவது

உடுப்பிட்டி,
15.06.2025.

அன்பின் ஐரிசுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கோழிகளும் சுகம். ரொறன்ரோவில் நீரும் மகள் ஷரோனும் மருமகனும், எல்லோரிலும் முக்கியமாகப் பேரன் ஜெரிசனும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

கைத்தொலைபேசி கையில் இருக்க, இந்த மனிசன் ஏன் தபாற்கந்தோர் வரைக்கும் போயிருக்கிறார் என்று யோசிப்பீர். நான் கதைக்க எடுக்கும்போதெல்லாம் ஷரோன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிடுகிறாள். நான் இருமினால் மருமகன் எங்கிருந்தோ, “மாமா, தொண்டைக்கு என்ன?” என்கிறார். மனைவியோடு மட்டும் கதைக்கவேண்டிய சங்கதியைக் குடும்பக் கூட்டத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே பதிவுத் தபால். தனியே இருந்து வாசியும். வாய்விட்டு வாசிக்க வேண்டாம்.

போன கிழமை நீர் வாட்ஸ்அப்பில் எழுதிய நீண்ட செய்தியை ஏழு தரம் வாசித்தேன். எனக்கும் ஒரு ஈ-ரீடர் வாங்கப் போகிறீராம். ஆயிரம் புத்தகம் கொள்ளுமாம், கண் கூசாதாம், எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாமாம். அதில் இரண்டு வகை: விளம்பரம் வருவது இருபது டொலர் மலிவு, வராதது இருபது டொலர் கூட. “விளம்பரம் உள்ளதே காணும் எண்டு பிறேம் அண்ணை சொல்லுறார். உங்களுக்கு எது வேணும்?” என்று கேட்டிருந்தீர். கடைசியில் ஒரு வரி: “ஜஸ்ரின் ஓகஸ்ட் முதல் கிழமை ஊருக்கு வாறான், அவனிட்டைக் குடுத்து விடுறன். உங்களுக்கும் பொழுது போகும்.”

உம்முடைய திரும்பும் பயணச்சீட்டின்படி வந்து இறங்குவது ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி. எங்கள் ஊர்ப் பொடியன் ஜஸ்ரின் வந்து இரண்டு கிழமையில் தானும் வரப்போகிறவர் எதற்காக அவனிடம் கொடுத்துவிட வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைத் தபாற்கந்தோருக்கு அனுப்பியது. ஆனால் நான் கோழை. அதனால் முதலில் விளம்பரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

விளம்பரத்துக்கு முன் பிறேம். உம்முடைய செய்தியில் அவர் ஒன்பது தரம் வருகிறார். பிறேம் அண்ணைதான் உமக்கு ஈ-ரீடர் தெரிந்தெடுத்தவர். பிறேம் அண்ணைதான் வாசகர் வட்டத்துக்கு உம்மைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறவர். பிறேம் அண்ணை தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. நான் ஒரு தரம் வருகிறேன், அதுவும் “கூரை ஓடு மாத்தினியளோ?” என்ற வரியில்.

“அக்கா ‘அண்ணை’ எண்டு தானே போட்டிருக்கிறா, பிறகென்ன அத்தான்?” என்று பக்கத்து வீட்டிலிருந்து உம்முடைய தங்கை நிமலினி ஆறுதல் சொன்னாள். கலியாணத்துக்கு முன் நீர் என்னையும் ஜெபரட்ணம் அண்ணை என்றுதான் கூப்பிட்டீர் என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அவள் நான் கொடுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறேமை எனக்குத் தெரியாதா? வாலிபர் சங்கக் காலத்தில் எங்கள் தேவாலயத்தில் தனிக்குரல் பாடினவர். நான் ஓர்கனுக்குக் காற்றடித்தவன். அவர் பாடினால் பெண்கள் பக்கத்தில் கண் துடைக்க லேஞ்சிகள் வெளியே வரும். நான் காற்றடிப்பதை நிறுத்தினால் பாட்டே நின்றுவிடும் என்பதை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது அவருக்கு மனைவி இறந்து இரண்டு வருடம், தனியச் சமைத்துச் சாப்பிடுகிறார், பாவம் என்று எழுதியிருந்தீர். நானும் நாலு மாதமாகத் தனியச் சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். பாவம் என்று சொல்லி என்னை எந்த வட்டத்திலும் ஒருவரும் சேர்க்கவில்லை. நான் அவிக்கிற புட்டைக் கோழிகள் முதலில் மிதித்துப் பார்க்கின்றன, பிறகுதான் கொத்துகின்றன.

அடுத்தது, வாசகர் வட்டத்தில் எடுத்து நீர் அனுப்பிய படம். நீரும் பிறேமும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. இரண்டு பேர் கையிலும் ஈ-ரீடர். முப்பத்தொரு வருடம் நில அளவையில் சீவித்தவன் படத்தைச் சும்மா பார்ப்பானா? நீளம் தெரிந்த பொருள் ஒன்று படத்தில் இருந்தால், அதை வைத்து மற்றத் தூரங்களை எடுத்துவிடலாம். ஈ-ரீடரின் திரை ஆறு அங்குலம் என்று நீரே எழுதியிருந்தீர். படத்தைப் பெரிதாக அச்செடுத்து, உம்முடைய திரையின் உயரத்தை ஆறு அங்குலமாக வைத்துக் கணக்குப் பார்த்தேன். உம்முடைய தோளுக்கும் அவருடைய தோளுக்கும் நடுவில் பதினேழரை அங்குலம். பரவாயில்லை, இடையில் ஒரு சின்னப் பிள்ளை நிற்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சிரிக்கிறீர். சிரியும்.

கண்ணால் காணாத சாமானைப் பற்றிப் பதில் எழுதக் கூடாது என்று, செவ்வாய்க்கிழமை பருத்தித்துறைக்கு பஸ் ஏறினேன். அங்கே இருக்கிற ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரரிடம் விளம்பரம் வருகிற ஈ-ரீடர் ஒன்று இருக்கிறது, லண்டனில் இருக்கிற மகன் அனுப்பினது. வாசிக்கிற நேரம் விளம்பரம் வராது, மூடி வைத்தால்தான் ஏதாவது ஒரு புத்தகத்தின் படம் வந்து நிற்கும் என்று சொல்லி, மாஸ்ரர் பெருமையோடு மூடிக் காட்டினார். சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன், மயங்கிக் கிடக்கிற ஒரு பெண்ணை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நின்றான்.

மாஸ்ரர் அவசரமாகத் திறந்தார். அதற்குள் அவருடைய மனைவி உதயகலா பார்த்துவிட்டா. “உந்தச் சாமானோடை சாமியறைப் பக்கம் போகாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!”

“நானே அனுப்பச் சொன்னனான்? கொம்பனிக்காரன் அனுப்புறான்.”

“நீங்கள் எதைப் பாக்கிறியளோ அதைத்தானே அவன் அனுப்புவான். அவனுக்கும் உங்கடை குணம் விளங்கியிட்டுது.”

மாஸ்ரர் என் பக்கம் குனிந்து, “மகன்ரை பேரிலை பதிஞ்சது தம்பி. அவன்ரை ருசி இஞ்சை வருகுது. நான் என்ன செய்ய?” என்றார். பதிந்தவருடைய பெயர் திரையின் மேலே எழுதியிருப்பதையும் காட்டினார். மகனின் பெயர், அதற்குப் பக்கத்தில் இரண்டாவது என்று இலக்கம். முதலாவது ஈ-ரீடர் லண்டனில் மகனிடமே இருக்கிறதாம்.

நான் சட்டைப்பைக்குள் கொண்டுபோன அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்தேன். உயரம் ஐந்து அங்குலம்கூட இல்லை. கொம்பனி ஏமாற்றிவிட்டது என்றேன். “ஆறங்குலம் எண்டது மூலைக்கு மூலை தம்பி. நீர் சேவையரல்லோ, உமக்கு இது தெரியாதே?” என்று மாஸ்ரர் கேட்டார். ஐரிஸ், எங்கள் திணைக்களத்துக்கே அவமானம். திரும்பி வரும் வழியில் பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்கைத் திருத்தினேன். பதினேழரை பதினாலாகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸுக்குள் நான் இருக்க, பிறேம் உம்மை மூன்றரை அங்குலம் நெருங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றாமல் உம்முடைய படத்தைத் திறந்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெருப்பித்தேன். உம்முடைய திரையின் மேல் மூலையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: பிறேமின் இரண்டாவது. நான் தாலி கட்டிய மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருக்கிறா. எனக்கு வரப்போவதையும் பிறேம் அண்ணையே ஒழுங்குபடுத்தித் தருவார் என்று எழுதியிருந்தீர். அப்படியென்றால் உடுப்பிட்டியில் நான் யார்? பிறேமின் மூன்றாவது. அவர் ரொறன்ரோவில் வாசிக்கிறதற்கு ஏற்ற விளம்பரம் என் தலைமாட்டில் வந்து நிற்கும். அவர் காதல் கதை வாசித்தால் எனக்குக் குதிரைக்காரன். அவர் சமையல் புத்தகம் வாசித்தால் எனக்குக் கேக். இனி இந்த வயதில் நான் பிறேமின் ருசிக்குப் பழக வேண்டுமா?

சரி. இவ்வளவும் பகிடிதான். பாதி பகிடி. இனி உண்மையை எழுதுகிறேன்.

எனக்குப் பிறேமில் பொறாமை இருக்கிறது, இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பொறாமை வேறு ஒருவரில். அவருக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. தலையில் மயிர் இல்லை, பல் இல்லை, ஒரு பாட்டும் தெரியாது. ஆனால் ராவும் பகலும் உம்முடைய தோளில் கிடக்கிறார். அவருக்கும் உமக்கும் நடுவில் அளக்க ஒரு அங்குலம் இல்லை. சொந்தப் பேரனில் பொறாமைப்படுகிற மனிசனை நீர் கண்டிருக்கிறீரா? இதோ, கட்டியிருக்கிறீர். ஷரோன் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையை அந்நியரிடம் விட அவளுக்கு மனமில்லை, அம்மா இன்னும் கொஞ்சக் காலம் நின்றால் நல்லது. இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட்டீர்களோ என்று நிமலினியிடம் கேட்டேன். “எனக்கொண்டும் தெரியாது அத்தான்” என்று சொல்லிவிட்டுக் கோழிகளைப் பார்த்தாள். உங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும்போது எல்லோரும் கோழியைத்தான் பார்க்கிறீர்கள். நீர் அங்கே எதைப் பார்க்கிறீரோ தெரியாது.

“உங்களுக்கும் பொழுது போகும்” என்று எழுதியிருந்தீர். எவ்வளவு பொழுது, ஐரிஸ்? ஆயிரம் புத்தகம் கொள்ளுகிற சாமானை ஒருவருக்கு அனுப்புவதென்றால், அவர் ஆயிரம் புத்தகம் வாசித்து முடிக்கும்வரை தனியே இருப்பார் என்று அனுப்புகிறவர் கணக்குப் போட்டிருப்பார் போலத் தோன்றுகிறது. ஏழாம் தரம் வாசித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஓடு மாற்றியாயிற்று. மழைக்கு ஒழுகாது.

என் முடிவு இதுதான். விளம்பரம் உள்ளதையே வாங்கும். இருபது டொலருக்காக அல்ல. வாசித்து முடித்து மூடி வைக்கிற நேரத்தில், இந்த வீட்டில் ஏதோ ஒன்று என் பக்கம் திரும்பி எதையாவது சொல்ல முயன்றால் எனக்கு நல்லாயிருக்கும். சட்டையில்லாதவன் என்றாலும் சரி. ஆனால் உம்முடைய பெயரில் பதியும். நீர் என்ன வாசிக்கிறீரோ அதற்கு ஏற்றதே எனக்கும் வரட்டும். பிறேமுக்கு என் நன்றியைச் சொல்லும். அவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருமகனும் மேசையில் இருக்கட்டும்.

ஜஸ்ரினிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். அவன் நல்ல பிள்ளை, தொலைக்க மாட்டான். அதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கினால், நீர் வரவில்லை என்பதற்கு நானே கையெழுத்து வைத்து ஏற்றுக்கொண்டதாகிவிடும். அது உம்முடைய கைப்பைக்குள் இருக்கட்டும். பதினெட்டாம் திகதி வர முடியாது, பிள்ளைக்கு நீர் தேவை என்றால் செப்ரெம்பர் என்று எழுதும். டிசெம்பரில் நத்தார் என்று எழுதும். என்ன மாதம் என்றாலும் திகதி ஒன்றைப் போட்டு எழுதும், நான் பொறுப்பேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான்காரப் பொடியனிடம் பதினெட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றுவதென்றால் அவனுக்கும் ஒரு திகதி சொல்ல வேண்டும்.

ஜெரிசனை என் பேரில் ஒரு தரம் கொஞ்சும், இரண்டாம் தரம் வேண்டாம். ஷரோனை ஏச வேண்டாம், அவள் உம்மை நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அது நியாயம். ஆண்டவர் அங்கே உங்கள் எல்லோரையும் காப்பாராக. அதில் ஒருவரை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்துக் காக்க அவருக்கு மனம் வருவதாக.

என்றும் உம்முடைய,
சா. ஜெபரட்ணம்