செம்பட்டைக்குப் போட்ட ரொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த வரி எழுத வரவில்லை. யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, முதலில் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தால் குளியலறையில் விரிக்கிற ரப்பர் விரிப்பு. கால் வழுக்காமல் இருக்க அடியில் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்கிற வகை. அம்மா இனிமேல் விழக் கூடாது என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு வேறு. அதைப் படித்துவிட்டு நான் கடையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தவன் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. அம்மா குளியலறையில் விழவில்லை, கண்ணு. உன் குதிரை தள்ளி விழுந்தாள். அதற்குக் காரணம் குதிரையும் இல்லை, நான்.

நீ படிக்க வெளியூர் கிளம்பிச் செம்பட்டையை என்னிடம் விட்டபோது நான் என்ன சொன்னேன், குதிரை என்ன புலியா, முப்பது வருஷம் ரொட்டி அடுப்போடு மல்லுக்கட்டினவனுக்கு இது ஒரு பெரிய வேலையா என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நீ லாயக் கதவில் ஒட்டிய தாளை முதல் மாதம் வேதவாக்காகத்தான் வைத்திருந்தேன். காய்ந்த புல் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை, ஓட்ஸ் ஒரே ஒரு டம்ளர், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலிக்குள் திறந்து விட வேண்டும், கையால் எதையும் ஊட்டக் கூடாது. எல்லாம் சரியாக நடந்தது. அப்புறம் தபால்காரர் ஒருநாள் வேலிமேல் சாய்ந்துகொண்டு, என்ன சார், ஊருக்கெல்லாம் ரொட்டி போடுறீங்க, உங்க வீட்டுக் குதிரைக்கு விலா எலும்பு தெரியுதே என்றார். அது போதும் எனக்கு. வளர்கிற குட்டிக்கு விலா லேசாகத் தெரியலாம் என்று நீ தாளிலேயே எழுதியிருந்தாய், அதைப் படித்தும் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன். பொண்ணு நம்பி விட்டுப் போன பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று ஊர் பேசுமே என்கிற கவலைதான் பெரிதாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் விற்காமல் மிஞ்சின பன் ஒன்றைக் கொண்டுபோய்க் கையிலேயே நீட்டினேன். செம்பட்டை அதை எப்படிச் சாப்பிட்டாள் தெரியுமா, என் உள்ளங்கையை நக்கி, சட்டைப் பையை மோந்து, இன்னும் இருக்கா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்று மூன்றாச்சு, மூன்று கூடையாச்சு. ஓட்ஸும் ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வேலிக்குள் ஒரே சேறு, போதாததற்கு ஒரு மூலையில் கம்பி வேறு தளர்ந்து கிடந்தது. காலை மாட்டிக்கொண்டால் உனக்கு என்ன பதில் சொல்வது என்று கதவைச் சாத்தினேன். கம்பியை முறுக்கிக் கட்ட ஒரு மணி நேர வேலை, அதைச் செய்யவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஐந்து வாரம் போய்விட்டது. உள்ளே நிறுத்தித் தீனி மேல் தீனி போட்டால் இளசு சும்மா இருக்குமா? விடியற்காலையில் என் சைக்கிள் சத்தம் கேட்டதும் கதவை உதைப்பாள். என் பையில் இருக்கிற ரொட்டி எட்டாத கோபத்தில் பொத்தானைக் கடித்துப் பிய்த்தாள், சிரித்தேன். அப்புறம் தோளில் கடித்தாள், சிரிக்கவில்லை. துடைப்பக் கட்டையால் இரண்டு போட்டேன். ஆமாம், அடித்தேன். நீ போனில் கேட்டபோதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கா, நீ படிப்பைப் பாரு என்றேன். தோளில் நீலம் பாரித்த இடத்தைத் தடவிக்கொண்டேதான் சொன்னேன்.

அம்மா ஆரம்பத்திலிருந்தே சொன்னாள், என்னங்க, அது ஓடுற ஜாதி, அதைக் கோழி மாதிரி அடைச்சு வெச்சுட்டு திமிர்னு சொல்றீங்களே என்று. குதிரையைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்தேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்! நான் கடையில் இருந்த ஒரு மத்தியானம் அவளே போய்க் கம்பியைக் கட்டிவிட்டு, கயிற்றோடு லாயத்தைத் திறந்திருக்கிறாள். ஐந்து வாரம் அடைந்து கிடந்தது ஒரே பாய்ச்சலாக வெளியே வந்திருக்கிறது. அம்மா வாசல் சிமெண்டுத் திட்டில் கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு போய்விட்டது. முப்பது வருஷம் மாவு பிசைந்தவன் வீட்டில் மாவுக்கட்டு போட்டது அன்றுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பொண்ணு கேட்டா குளியலறையில வழுக்கிடுச்சுன்னு சொல்லிடு, அவ பரீட்சை நேரத்துல பதறுவா என்று அவளிடம் கெஞ்சினேன். உன் பரீட்சை ஒரு சாக்கு. என் வண்டவாளம் வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ முன்பு வேலை பார்த்த சவாரி மைதானத்துக்காரரைக் கூப்பிட்டு, இந்தக் குதிரை கெட்ட குதிரை, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ பால்புட்டி வைத்து வளர்த்த குட்டியை. அவர் வந்தார், செம்பட்டை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக அப்படித்தான் நின்றாள், நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அவர் குனிந்து குளம்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு மாதிரி சுட்டது. என்ன சார் போடுறீங்க என்று கேட்டார், ரொட்டி என்றேன். அது வயித்துக்கா போட்டீங்க, உங்க மனசுக்கா போட்டீங்க என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே கால்நடை டாக்டர் வந்தார். மாவுத்தீனி அளவுக்கு மீறினதால் குளம்புக்குள் வீக்கம், ஒவ்வொரு அடியும் அதற்கு ஆணிமேல் நிற்கிற மாதிரி என்றார். உள்ளே இருக்கிற எலும்பு இடம் மாறியிருந்தால் பிறகு ஓடவே முடியாது என்றும் சொன்னார். ரொட்டி, ஓட்ஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. காய்ந்த புல்லை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து, எடை பார்த்து, நாலு வேளை வைக்கிறேன். தரையில் முழங்கால் அளவுக்கு மரத்தூள். இதில் கொடுமை என்ன தெரியுமா, வெளியே விட வேண்டிய நாளெல்லாம் அடைத்து வைத்தேன், இப்போது வேலி சரியாகி, வெயில் அடித்து, விட வேண்டும் என்று நான் துடிக்கும்போது கால் ஆறும்வரை விடவே கூடாது என்கிறார். கதவுக்கு வெளியே நின்று நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மூன்று வாரமாச்சு. எலும்பு நகரவில்லை என்று போன செவ்வாய்க்கிழமை படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார், லாயத்தை ஒட்டி மணல் கொட்டின சின்ன இடத்தில் தினம் பத்து நிமிஷம் நடக்க விடலாமாம். நேற்று நடந்தாள், நொண்டுகிறாள், ஆனால் நடந்தாள். முழுசாகச் சரியாகுமா என்று கேட்டதற்கு இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்றார். தெரியாததைத் தெரியும் என்று இனிமேல் நான் எழுத மாட்டேன். கடிப்பதை விட்டுவிட்டாள், ஆனால் என் கை பக்கத்தில் போனால் தலையைத் தூக்கிக்கொள்கிறாள். துடைப்பக் கட்டை ஞாபகம் இருக்கும்போல. அம்மா போனால் தலையைத் தாழ்த்துகிறாள். எனக்கு அது வேண்டியதுதான்.

நீ திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அவளை யாரிடமும் கொடுக்க மாட்டேன், நீ வந்து சொல்லும்வரை அவள் இங்கேதான். நீ எடுத்த படிப்பு நல்லபடி முடியட்டும், நினைத்தது எல்லாம் உனக்குக் கைகூடட்டும், நோய் நொடி அண்டாமல் நூறு வருஷம் இரு.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் எதையும் கேட்காதே, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிப் பழகின வாய் இது. அம்மாவிடம் கேள். குதிரையைப் பற்றியும் அவள் கையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு என்று நேற்று ராத்திரி அவளிடம் சொன்னேன். அதற்கு அவள், பெத்த பொண்ணுகிட்ட பொய் சொல்ல வெச்சீங்களே, கை உடைஞ்சதைவிட அதுதாங்க வலிச்சுது என்றாள்.

உன்னிடம் முகம் காட்டக் கூசுகிற,
அப்பா