பாதியில் நின்ற கோப்பு

அன்புள்ள மச்சான்,

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. உன் தங்கை இன்னும் சனிக்கிழமை காலையில் உனக்கும் சேர்த்து மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிவிடுகிறாள். இரண்டு பங்கையும் நான்தான் சாப்பிடுகிறேன், கோபத்தோடு.

உன் இணையதளம் போய்விட்டது. பர்மாவை விட்டுக் கப்பலேறி மெட்ராஸ் போனவர்களும் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள நீ கட்டிய தளம். அது இருந்த வெளிநாட்டுக் கணினி பழுதாகி, அவர்கள் அதில் எழுதிய கடிதங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. பேக்கப் இருக்கிறதா என்று அந்தக் கணினிக்காரர்கள் கேட்டார்கள். இருக்கிறது என்றேன், பெருமையாக. வாராவாரம் தின்கன்ஜூன் பேட்டை இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தரவுத்தளத்தை இறக்கி சிடியில் பதிந்தவன் நான்தானே.

"மாப்பிள்ளை, சோத்தை மூடி வச்சா போதுமா? ஊசிப்போச்சான்னு திறந்து பாக்க வேணாமா? ஒரு தடவை ரெஸ்டோர் பண்ணித்தான் பாருங்களேன்" என்று கேலி செய்வாய்.

நான் பார்க்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களில் என் அண்ணனுடையதும் ஒன்று. எனக்கு ஏழு வயதில், நோயாளி அம்மாவோடு என்னை விட்டுவிட்டுக் கப்பலேறியவன். அவன் எழுதியிருக்கிறான் என்று நீ ஓடிவந்து சொன்னபோது, "படிக்க மாட்டேன்" என்றேன். சிடியைத் திறந்தால் அவன் எழுத்தில் விழிக்க வேண்டுமே.

போன வாரம் திறந்தேன். கோப்புகள் எல்லாமே அரைகுறை. கடையில் மின்சாரம் போகும். "ஸயா, வாத்தியாரே, கொஞ்சம் பொறுங்க, ஜெனரேட்டர் போடறேன்" என்பார் கடைக்கார கோ டின். அந்த நிமிடத்தில் இணைப்பு அறுந்து, இறங்கிக்கொண்டிருந்தது அப்படியே நின்றுவிடும். திரையில் கோப்பின் பெயர் இருக்கும். முடிந்தது என்று பதிந்துகொண்டு எழுந்து வந்திருக்கிறேன். விடையைச் சரிபார் என்று வகுப்பில் தினமும் கத்துகிற கணக்கு வாத்தியார் நான்.

இருந்ததில் பெரிய கோப்பை எடுத்து ஏற்றினேன். கடிதங்கள் வரிசையாக வந்தன. கடைசியில் அவன். "தம்பி, அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகாததுக்குக் காரணம்". அதற்குமேல் ஒன்றுமில்லை.

நீ படித்தாயே மச்சான், என்ன காரணம்? நான் காதைப் பொத்திக்கொண்டால் நீயாவது கத்தியிருக்கக் கூடாதா? அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்தான்.

பாஸ்போர்ட் கிடைக்காது, போய்ப் பார்க்க வழியில்லை. மின்னஞ்சல் தளங்களை அரசாங்கம் மூடி வைத்திருக்கிறது. அவன் உயிரோடு இருக்கிறானா? நாற்பது வருடத்துக்கும் மேலாக 'விட்டுவிட்டுப் போனான்' என்ற வாக்கியத்துக்குள் அடைபட்டுக் கிடந்தேன். இப்போது இன்னொரு வாக்கியம். இதற்கு வாசலும் இல்லை.

ஒன்று சொல்கிறேன். பாதித் தளத்தை அப்படியே மீண்டும் ஏற்றுவேன். எழுதியவர்கள் மறுபடி எழுதட்டும். அண்ணனின் அரை வரிக்குக் கீழே என் பெயரில் ஒரு வரி இருக்கும்: "மீதியைச் சொல்." மன்னித்ததாக எழுத மாட்டேன். பதில் வந்தால் படிப்பேன். அந்த வாரத்து சிடியை, கடையை விட்டு எழும் முன் திறந்தும் பார்ப்பேன்.

உன் தங்கையைக் கட்டிய கோபக்காரன்,
மணியன்