கறுவாச்சீனியும் துறையூர்க்காரரும்

ஜனவரி 22, 2025, புதன்

காலையிலிருந்து தெமோதரை முழுக்கப் பனிமூட்டம். எல்ல ஊர்ப் பக்கம் போன ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது, ரயில் தெரியவில்லை.

மகள் கம்சலா, ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்தவள், சாப்பிடப் போகாமல் என் எதிரே உட்கார்ந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் அம்மா ஜெயலெட்சுமியும் இருந்தவரை இப்படித்தான். பெரிய விஷயம் என்றால் முதலில் உட்காருவாள்.

"அப்பா, இந்திரஜித் வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்களாம். தைப்பூசத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

இந்திரஜித் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஒருமுறை வீட்டுக்கு வந்திருக்கிறான். தேநீரைச் சூடு ஆறவிடாமல், அவசரமும் படாமல் குடித்தான். எனக்கு அது போதும். பதுளையில் வியாபாரக் குடும்பம் என்றாள். என்ன வியாபாரம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க அம்மா கேட்டாங்களாம், பொம்பளை இல்லாத வீட்டுல நமக்கு யாரு கையால பலகாரம் குடுப்பாங்கன்னு."

நான் குடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். எனக்குத் தேநீரைத் தவிர ஒன்றும் வராது. வடை, பட்டிஸ் கடையில் வாங்கலாம் என்றால், அவன் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். சீனி வியாதி இல்லை, ஆனால் எண்ணெயில் பொரித்தது ஆகாதாம்.

மகன் சுரேஸ் டோஹாவிலிருந்து கொண்டுவந்த எயார் பிரையர் ஒரு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல்தான் ரேடியோ இருக்கிறது. தேயிலை பாக்டரியில் எவ்வளவு பெரிய டிரையரை ஓட்டியவன் நான், இந்தச் சின்னப் பெட்டியைத் தொடப் பயம்.

ஜனவரி 25, சனி

ரேடியோவை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கம்சலா சிரித்தாள்.

செய்ய வேண்டியது கறுவாச்சீனி உருண்டை. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி போனில் செய்து காட்டுகிறாள். மாவில் பேக்கிங் பவுடரும் கட்டித் தயிரும் போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, எயார் பிரையரில் வைத்து எடுக்க வேண்டும். உருகிய பட்டரில் புரட்டி, சூடு ஆறுமுன் கறுவாத்தூள், அவள் பேச்சில் பட்டைத்தூள், கலந்த சீனியில் உருட்ட வேண்டும். எண்ணெய் இல்லை. பத்தே நிமிட வேலை என்கிறாள்.

எனக்கு முற்பகல் முழுவதும் போனது. ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, மாவை ரொட்டிக்குப் பிசைவதைவிட அதிகமாக, கை வலிக்க வலிக்கப் பிசைந்தேன். வந்தது உருண்டைதான், சந்தேகமில்லை. தட்டில் போட்டபோது சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு லரீபா வேலிக்கு மேலால் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்தாள். கடித்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஐயா, இத பல்லு உள்ளவங்களுக்குக் குடுத்துறாதீங்க."

"பல்லு இல்லாதவங்களுக்கு?"

"அவங்களுக்கும் வேணாம். பாவம்."

திரும்பப் போனைப் பார்த்தேன். தொடக்கத்திலேயே அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை: 'கோதுமை மாவு மட்டும் போட்டுடாதீங்க, கல்லு மாதிரி வரும். மைதாதான் வேணும்.' நான் போட்டது கோதுமை மா.

மைதா என்றால் என்ன மா? இத்தனை வயதுக்கு நான் அதைப் பார்த்ததில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்றையதை முற்றத்தில் போட்டேன். ஒரு காகம் வந்து கொத்திப் பார்த்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மைதா தேடிப் பதுளைக்குப் போனேன். போன கடைகளில் எல்லாம் கையை விரித்தார்கள். கடைசியாகப் பஜாரில் ஒரு பெரிய பலசரக்குக் கடை. மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"மைதா இருக்குங்களா?"

"என்னது?"

"மைதா."

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தியாவுல இருந்தா வர்றீங்க?"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்றால், பின்னே ஏன் மைதா கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். போனில் பார்த்ததையும், கல்லாகிப்போன உருண்டையையும், எல்லாவற்றையும். தலை தானாக ஆடிவிட்டது. "ஆமாங்க."

"எந்த ஊரு?"

"துறையூர்ப் பக்கம்."

அது என் பாட்டனாரின் தகப்பன் ஊர். நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை என்ன சொல்வது! அவர் குடும்பத்துக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகமாம். ஸ்டூலை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. கொதிக்கவைத்தே கொன்றுவிட்ட தேயிலை. "உங்க ஊருல இப்பிடி ஒரு டீ கெடைக்குமா?" என்று கேட்டார். கெடைக்காதுங்க என்றேன். அது பொய்யில்லை.

பொடியனை விட்டு மாவை நிறுக்கச் சொன்னார். "இங்க இதுக்கு வேற பேரு, நீங்க கொழம்பிருவீங்க" என்று பழுப்புக் காகிதப் பொதியின் மேல் தன் கையாலேயே பெரிதாக 'மைதா' என்று எழுதினார். கறுவாத்தூளும் வாங்கினேன்.

அதோடு வந்திருக்கலாம். ஊர்க்காரர், திரும்பிப் போகிறவர்தானே என்று அவருக்கு மனம் திறந்துவிட்டது போலும்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. மகன் தோட்டத்துப் பக்கம் ஒரு பிள்ளையப் பாத்துட்டு ஒத்தக் கால்ல நிக்கிறான். எனக்கு மனசு ஒப்பலைங்க. லயத்துல இருந்து வந்த குடும்பம், நம்ம வீட்டுக்கு எப்பிடிங்க பழகும்? நீங்களே சொல்லுங்க."

லயத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவன் நான். கோப்பையில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்தேன்.

"பிள்ளை நல்ல பிள்ளையா இருந்தா..." என்று ஆரம்பித்தேன். பொதியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பதுளையில் எத்தனை கடை, எத்தனை மகன்மார். வேண்டாததை நினைக்காதே, அழகையா.

ஜனவரி 29, புதன்

வந்துவிட்டது! வந்தேவிட்டது!

வெளியே பொன்னிறம், உள்ளே பஞ்சு. வீடெல்லாம் கறுவா வாசம். கம்சலா டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் நின்றுகொண்டே ஐந்து சாப்பிட்டாள்.

லரீபாவுக்கு ஒரு தட்டு நிறையக் கொடுத்தேன். "இப்ப சரி ஐயா. அன்னைக்கு மட்டும் என்ன செஞ்சீங்க?"

"அன்னைக்குக் கோதுமை மா. இது மைதா," என்று பொதியைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம கோதுமை மாவத்தான் ஐயா இந்தியாக்காரங்க மைதாங்கிறாங்க. அவங்க கோதுமை மாவுன்னு சொல்றது நம்ம ஆட்டா மாவ. நான் டுபாய்ல இந்தியாக்காரங்க வீட்டுலதானே சமைச்சேன்?"

உள்ளே போய் டின்னில் இருந்த மாவையும் பொதியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகர்ந்தேன். நாக்கில் வைத்தேன். ஒன்றேதான். வீட்டில் இருந்ததைத் தேடியா ஊரெல்லாம் அலைந்தேன்?

அப்படியானால் அன்றைக்கு ஏன் கல்லாகியது? பிசைந்ததுதான் காரணம். கை வலி தீராததால் இன்று மாவை லேசாகச் சேர்த்ததோடு விட்டுவிட்டேன். ரோலரில் அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் கொழுந்து கெட்டுப்போகும் என்று பாக்டரியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அடுப்படியில் மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 3, திங்கள்

கம்சலா போனில் இந்திரஜித் குடும்பத்தின் பொங்கல் படத்தைக் காட்டினாள். கடை வாசலில் கோலம், பானை. "இது அவர் அப்பா, தர்மலிங்கம். இது அம்மா, வள்ளியம்மை."

நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அம்மா.

"என்னப்பா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெயில்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பெப்ரவரி 5, புதன்

நான் சொன்னதைச் சொன்னால் கம்சலா சிரிப்பாள். அந்த அம்மா சொன்னதைச் சொன்னால் நொறுங்கிப் போவாள். ஒன்றை விட்டு மற்றதை எப்படிச் சொல்வது? இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 8, சனி

கட்டித் தயிர் ஒரு சட்டி வாங்கியாயிற்று. பட்டர் இருக்கிறது. சட்டை இஸ்திரி போட்டாயிற்று. நாளை நான் அடுப்படியை விட்டு வெளியே வரக்கூடாது. வேலையாக இருக்கிறேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமலே போய்விடலாம்.

பெண்ணின் தகப்பன் ஒளிந்துகொண்டு பெண் பார்க்கும் சடங்கு எங்கேயாவது நடந்திருக்கிறதா?

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தார்கள். அடுப்படி ஜன்னலால் பார்த்தேன். அவர்தான். பச்சைப் பட்டுச் சேலை.

கம்சலா தேநீரும் முதல் தட்டு உருண்டையும் கொண்டுபோனாள். முன்னறையில் தர்மலிங்கத்தின் குரல்: "இதுல எண்ணெயே இல்லையா? அப்ப இன்னொண்ணு எடுத்துக்கிறேன்." அடுத்து இந்திரஜித்: "அப்பா, இது நாலாவது."

"அப்பா, வாங்களேன்," என்று கம்சலா கூப்பிட்டாள்.

"இதோ, ஒரு ஈடு இருக்கு."

அந்த ஈடு பாதியில் இருக்கும்போதே எயார் பிரையர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கரண்ட் போய்விட்டது. கூடையை இழுத்துப் பார்த்தால் எல்லாம் வெளுத்துப்போய் இருந்தன. முன்னறையில் தட்டு காலி.

"கரண்ட் போயிருச்சே, ஆம்பளை தனியா என்ன பண்ணுவாரு? நான் பாக்குறேன்," என்ற குரல். எதிர்பார்க்கவே இல்லை. திரும்புவதற்குள் அவர் அடுப்படி வாசலில் நின்றார்.

பார்த்தார். நானும் பார்த்தேன். அலமாரியில் அந்தப் பழுப்புப் பொதி, அவர் கையெழுத்தோடு.

"துறையூர்க்காரரு!" என்றார் மெதுவாக. "இன்னும் ஊருக்குப் போகலையா?"

"மன்னிச்சுக்கங்க. என் பாட்டனாரோட அப்பா வந்தாருங்க, கப்பல்ல. நான் பொறந்தது வளந்தது எல்லாம் இங்கதான். அன்னைக்கு நீங்க கேட்டதும்... வாய் தவறிருச்சு."

"அப்ப நீங்க சொன்னது பொய் இல்ல. நூறு வருசம் பிந்திச் சொல்லியிருக்கீங்க."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முகம் வாடிவிட்டது. அவருக்கும் அன்றைக்குப் பேசியது ஞாபகம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அன்னைக்கு நான் லயம் அது இதுன்னு ஏதோ..." என்றார்.

நான் வாயடைத்து நிற்கிற ஆள். எல்லா இடத்திலும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். இன்று எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"எதுங்க?" என்றேன். "நான்தான் இந்தியாக்காரன் ஆச்சுங்களே. இங்கத்த பேச்சு எனக்குச் சரியா வெளங்கலைங்க."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூடிகள் ஆடின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் மட்டும்தானா என்று தெரியவில்லை. நான் பார்க்காததுபோல் தோசைக்கல்லைத் தேடினேன்.

காஸ் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, பாதி வெந்ததைப் பரப்பி, மூடிபோட்டுச் சின்னத் தீயில் விட்டோம். அவர் திருப்பித் திருப்பி விட்டார். நான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்ப எடுங்க."

"மூடியத் தொறக்காமலே எப்பிடித் தெரியும்?"

"பச்சை வாடை போய் மணம் திரும்புற நேரம் ஒண்ணு இருக்குங்க. தேயிலைக்கும் அப்பிடித்தான்."

பட்டரில் புரட்டி அவரே சீனியில் உருட்டினார். கறுவாத்தூளை முகர்ந்தார். "இது எங்க கடைத்தூளுல்ல?"

"ஆமாங்க."

"அதான் மணக்குது."

தட்டை அவர் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னால் போனேன். முன்னறைக்கு.

"வள்ளி, இது யாரு செஞ்சது?" என்று கேட்டார் தர்மலிங்கம்.

"நானும் துறையூர்க்காரரும்."

அவருக்கு விளங்கவில்லை. கம்சலாவுக்கும் விளங்கவில்லை. என்னையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நாடு முழுக்கவே கரண்ட் இல்லையாம். எங்கேயோ மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டதாம், கம்சலா போனில் பார்த்துச் சொன்னாள். அந்தக் குரங்கு நன்றாக இருக்கட்டும் என்று எழுத நினைத்தேன். பாவம், அது உயிரோடு இருக்கிறதோ என்னவோ.

போகும்போது ஒன்றும் சொல்லாமல்தான் போனார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்பதுகூட இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய் வந்தோம். போன் வரவில்லை. அந்தச் சிரிப்பை நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனோ?

பெப்ரவரி 13, வியாழன்

மத்தியானம் போன். நான்தான் எடுத்தேன்.

"சம்பந்தி," என்றது அந்தக் குரல், வணக்கம்கூட இல்லாமல். "இவரு வந்ததுல இருந்து அந்த உருண்டை, அந்த உருண்டைன்னு உயிர எடுக்கிறாரு. நான் செஞ்சா கல்லா வருது. மாவ எவ்வளவு நேரம் பிசையணும்?"

"பிசையவே கூடாதுங்க," என்றேன். அப்புறம்தான் முதல் சொல் காதில் ஏறியது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே கம்சலா என்று கத்தினேன். லரீபாவும் ஓடி வந்துவிட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

இன்று பரிசம். வீடு நிறைய ஆட்கள். எயார் பிரையர் ஓயாமல் ஓடியது. இப்போது பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்துகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகள் கொண்டுவந்தார்கள். சேலை, பூ, பழம், வெற்றிலை, கற்கண்டு. கடைசித் தட்டு மட்டும் சம்பந்தியம்மா கையில். அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, நேரே என்னிடம் நீட்டினார். ஒரு பழுப்புக் காகிதப் பொதி, சிவப்பு நூல் சுற்றி. மேலே பெரிதாக அதே கையெழுத்தில்: மைதா.

எல்லாரும் போன பிறகு பிரித்தேன். டின்னில் பாதிக்கு நம் கோதுமை மா இருந்தது. அதன் மேலேயே கொட்டி, டின்னை லேசாக ஆட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். எது எந்த வீட்டு மா என்று தெரியவில்லை.