புத்தூரில் விட்டுப்போன மூன்றாவது கட்டு

சித்தூர்,
ஜூன் 20, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ரூபாவுக்கு உன் நைனா ஏழுமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மாடும் கன்றும் சுகம். உன் முட்டியைத் தவிர அங்கே நீயும் மாப்பிள்ளை புருஷோத்தமனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்த முட்டியைப் பற்றி யாரும் விசாரிக்கத் தேவையில்லாத ஒரு நாள் சீக்கிரம் வரவேண்டும் என்று மலைமேல் இருக்கிறவரைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசிக்கொண்டு இது என்ன புதுசாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மிச்சப் பாதியில் சொல்லவந்ததை விட்டுவிட்டு நான் மாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்த உனக்கு மாங்காய் லோடு ரசீதின் பின்பக்கத்தில் அ, ஆ எழுதிக் காட்டியது இப்படி ஒரு நாளைக்கு உதவும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு அக்ஷயா படம் பிடித்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவாள். ஒரு சங்கதி சொல்லவேண்டியிருக்கிறது, அதனால் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு தாயி.

போன மாதம் நீ கேட்டாயே, முட்டிக்குக் கீழே எலும்பை வெட்டி நேராக்கிப் பிளேட் வைக்கவேண்டும் என்கிறார்கள், இங்கே அடிலெய்டில் இன்சூரன்ஸ் போக நாங்கள் கட்டவேண்டியதே மலைப்பாக இருக்கிறது, அதில் கால்வாசி கூட ஆகாதாமே திருப்பதியில், நாலு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து செய்துகொள்ளட்டுமா நைனா என்று. அன்றையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து வருஷமாயிற்று உன்னைக் கண்ணால் பார்த்து. மாங்கூழ் ஃபேக்டரியில் இப்போது தோத்தாபுரி மாம்பழ சீசன் உச்சத்தில் இருக்கிறது, பெல்ட்டில் பழம் வந்துகொண்டே இருக்கும், கெட்டதை எடுத்துப் போடுகிறார்களா என்று பார்ப்பதுதான் மேஸ்திரி வேலை, ஆனால் அந்த மஞ்சளும் ஆவியும் இனிப்பு வாசனையும் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விடும். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் நீ வெளியே வருவாய், மாப்பிள்ளை தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வருவார், உன் மடியில் ஒரு சிவப்புப் பை இருக்கும். அது என்ன பை என்று எனக்கே தெரியாது, ஆனால் தினமும் அதே பைதான். முன்ரூமில் நீ படுத்திருப்பாய், அம்மா கேழ்வரகுக் களியை வேர்க்கடலைச் சட்னியில் தொட்டு ஊட்டுவாள், ஜன்னலில் வேப்பமரம் அசையும். நீ குனியாமல் எழுந்திருக்க வேண்டும் என்று கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியும் விட்டேன். அதில் மத்தியானம் நான்தான் ஏறிப் படுத்துக்கொள்கிறேன். கனவில் சில நாள் நீ இப்போதிருக்கிற முப்பத்திரண்டு வயசுக்காரியாக வருகிறாய், சில நாள் ஒன்பது வயசுப் பிள்ளையாக வந்து நொண்டுகிறாய். உன் அம்மா பார்த்துவிட்டு, இன்னாய்யா இது, கண்ணைத் தொறந்துக்கினே தூங்குற, பழத்துக்குப் பதிலா நீ மெஷினுக்குள்ள பூடப் போறேன்னு கத்துகிறாள்.

கனவு கண்டால் மட்டும் போதுமா, விசாரிக்க வேண்டாமா என்று நீ அனுப்பிய எக்ஸ்ரே படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பத்து நாள் முன்னால் திருப்பதிக்குப் போனேன். விடிந்தும் விடியாத பஸ், சந்திரகிரி தாண்டினால் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது, பக்கத்து சீட்டில் நீ இருக்கிற மாதிரியே நான் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் இன்னொருவரை அங்கே உட்காரச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, சொன்னால் சிரிப்பாய். ஆஸ்பத்திரி பெரிசு, சுத்தம், ஏசி. நம்ம மனுஷங்க, நம்ம பாஷை, எலும்பு டாக்டர் அதே ஆபரேஷனை நூற்றுக்கணக்கில் செய்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். உன்னைப் போல் வெளிதேசத்திலிருந்து வந்து செய்துகொண்டு நன்றாக நடந்து போனவர்கள் இருக்கிறார்கள், ஒரு பெரியவர் கையைக் காலை ஆட்டியே காட்டினார். எனக்கு அங்கேயே மனசில் தேதி குறித்தாகிவிட்டது.

அப்போது பக்கத்து நாற்காலியில் ரத்னம்மா என்று ஒரு அம்மாள், புத்தூர்ப் பக்கம். மகன் மஸ்கட்டில் வேலை, இங்கே வந்து இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு லீவு முடிந்தது என்று இருபத்தைந்தாம் நாளே பிளேன் ஏறிவிட்டானாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் ஏறியிருக்கிறான். அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆப்ரேசன் சோக்கா ஆச்சு நைனா, குறை சொல்ல மாட்டேன், லீவுதான் பத்தல, அங்க போயி எறங்கினா காலு தொடை வரைக்கும் வீங்கிப் பூடிச்சு, உள்ள ரத்தம் கட்டிக்கினுச்சாம், அந்த ஊரு டாக்டரு நான் வெச்ச பிளேட்டு இல்லியே, வெச்சவர்கிட்ட காயிதம் வாங்கிக்கினு வான்றாரு, இந்த ஊரு டாக்டரு ஆளைப் பாக்காம நான் இன்னா சொல்றதுன்றாரு, ரெண்டு பேரும் நல்லவங்கதான், நடுவுல சமுத்திரம் கீதே. இதைச் சொல்லிவிட்டு மகனுடைய ரிப்போர்ட் பையை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பையன் இப்போது தேவலையாம், ஆனால் வேலை போய்விட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். ஆபரேஷன் என் வேலை, அது ரெண்டு மணி நேரம், அதற்கப்புறம் ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது, ஒரு படம், இரண்டாவது படம், மூன்று மாதத்தில் மூன்றாவது படம், எலும்பு கூடிவிட்டது என்று அதில் தெரிந்தால்தான் முழுசாக நடக்க விடுவோம், மூன்று மாதம் இருப்பதாக இருந்தால் தாராளமாக வரச்சொல்லுங்கள், நாலு வாரத்தில் பிளேன் ஏறுவதாக இருந்தால் நான் கத்தி எடுக்க மாட்டேன் என்றார். பிறகு உன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இது சின்ன வயசில் முறிந்து கோணலாகக் கூடின எலும்பு, கட்டைச் சீக்கிரம் அவிழ்த்துவிட்டார்களா, யார் அவிழ்த்தது என்று கேட்டார். சும்மா கேட்டார் ரூபா, குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. ஷேர் ஆட்டோ ஏறித் திருச்சானூர் போய்க் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீரில் கோபுரம் ஆடிக்கொண்டிருந்தது, மீன் வந்து அதைக் கலைக்கும், மறுபடி கூடும். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் நம் ஸ்டாப்பைத் தாண்டிப்போய் இறங்கினேன்.

இப்போது அந்தச் சங்கதிக்கு வருகிறேன். ஃபேக்டரி கேட்டில் மாங்காய் டிராக்டர் மேலிருந்து நீ விழுந்து கால் முறிந்ததும், எலும்புக்குக் கட்டுப் போடப் புத்தூருக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் உனக்கு நினைவிருக்கும். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பத்தை எல்லாம் வைத்துக் கட்டினார்கள், என் காலிலிருந்து கோழிக்குஞ்சு வருமா நைனா என்று நீ கேட்டாய், வைத்தியரே சிரித்துவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு கட்டாக மூன்று கட்டு, மூன்றாவதுதான் முக்கியம், தப்பாமல் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார். இரண்டு கட்டுக்குத் தப்பாமல் போனோம். மூன்றாவது கட்டு நாளுக்கு நாலு நாள் முன்னால்தான் என்னை பெல்ட் மேஸ்திரியாகப் போட்டார்கள். நம் குடும்பத்தில் அதுவரை யாரும் நாலு பேருக்கு வேலை சொன்னதில்லை. ஒரு நாள் லீவு கேட்டால் மேஸ்திரி விசில் அதே வேலைக்குக் காத்திருந்த முனிசாமி கைக்குப் போய்விடும் என்று எனக்குப் பயம். அம்மாவிடம் புத்தூருக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பி, உன்னை ஃபேக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தார்ப்பாய் நிழலில் பழம் அடுக்கும் கிரேட் மேல் உட்காரவைத்தேன், டம்ளரில் பழக்கூழ் கொடுத்தேன். சாயங்காலம் பாய்லர் சுடுதண்ணீர் ஊற்றிக் கட்டை நானே அவிழ்த்தேன். வைத்தியர் இனிமே கட்டே வாணாம்னு சொல்லிட்டாருன்னு அம்மாகிட்ட சொல்லணும், சரியா கண்ணு என்றேன். நீ தலையாட்டினாய்.

இருபத்திமூன்று வருஷமாயிற்று. நீ யாரிடமும் சொல்லவில்லை. மறந்தே போனாயா, இல்லை எனக்காக மறந்தாயா தெரியவில்லை, கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. நீ சாய்ந்து நடக்கிறபோதெல்லாம் உன் அம்மா அந்த வைத்தியரைத்தான் திட்டுவாள், நான் பக்கத்தில் சோறு தின்றுகொண்டு பேசாமல் இருப்பேன். தப்பு அவருடையது இல்லை தாயி, என்னுடையது. என்னை மன்னித்துவிடு என்று போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி உன் ஆபரேஷனுக்கு வருகிறேன். வா என்று சொல்லத்தான் எனக்கு வாய் துடிக்கிறது. இங்கே செலவு குறைவு, கை தேர்ந்த டாக்டர், எழுந்தால் பிடிக்க அம்மா, உட்கார்ந்தால் விசிற நான், அடிலெய்டில் இப்போது குளிர்காலமாமே, இங்கே வெயிலாவது காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் முதல் நாலு வாரத்துக் கதை. ஐந்தாவது வாரம் நீ காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிளேனில் பதினாலு பதினைந்து மணி நேரம் உட்காரவேண்டும், இரண்டாவது படத்தை அங்கே எடுப்பார்கள், அதைப் பார்க்கவேண்டிய டாக்டர் இங்கே இருப்பார், சின்னதாகக் காய்ச்சல் கண்டாலும் புண்ணில் சீழ் வைத்தாலும் யாரைப் போய்க் கேட்பாய். அன்றைக்கு மேஸ்திரி வேலையைப் பார்த்து நான் பாதியில் விட்டேன். இன்றைக்கு நீ லீவைப் பார்த்துப் பாதியில் விடப்போகிறாய், அதற்கு நானே கட்டில் உயர்த்திக் கொடுக்கிறேன். முடியாது ரூபா. மூன்று மாதம் முழுசாக லீவு கிடைத்தால் நாளைக்கே வா, பூப்போட்டு அழைத்துக்கொள்கிறேன். கிடைக்காது என்றால் அங்கேயே செய்துகொள். மாடியில் ரூம் எடுக்க வைத்திருந்த பணத்தை மாப்பிள்ளைக்கு அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே, மாடியில் ஏறி நாங்கள் என்ன செய்யப் போகிறோம்.

அங்கே உன்னை யார் பார்த்துக்கொள்வது என்றுதானே கேட்பாய். நீ முதலில் பேச்செடுத்த வாரமே, எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பதி பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் எழுதிப்போட்டேன். மாம்பால் பட்டுப்பட்டு என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது, மெஷினில் வைத்தால் ஒன்றுமே விழவில்லை. அங்கே இருந்த பெண், பெத்தாயனா, கையை நல்லாத் தேச்சிட்டு இன்னொரு வாட்டி அழுத்துங்க என்று பொறுமையாகச் சொன்னாள். வேட்டியில் தேய்த்துத் தேய்த்து ஐந்தாவது தடவை விழுந்தது. புத்தகம் போன புதன்கிழமை தபாலில் வந்தது. உன் அம்மாவிடம் பேங்க் பாஸ்புக் என்று சொல்லி டிவிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுதச் சொல். நான் பிளேனில் ஏறினதில்லை, ஆனால் கனவில் பல தடவை ஏறிவிட்டேன், மேகத்துக்கு மேலே ஒரே மஞ்சளாக இருக்கிறது.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. அக்ஷயாவிடம் கொடுப்பதற்கு முன்னால் உன் அம்மாவுக்குத் தெரியாமல் இது போகக்கூடாது என்று தோன்றியது, உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். நேற்றெல்லாம் தட்டை வைத்த கையோடு எழுந்து போய்விட்டாள். இன்று காலையில் பால் கறந்துகொண்டே முகத்தைத் திருப்பாமல் பேசினாள். எனக்கு பஸ்ஸு ஏறத் தெரியாதா, சொல்லியிருந்தா நான் இட்டுக்கினு போயிருப்பேனே புத்தூருக்கு, அதுகூடப் போவட்டும், புள்ள வாயில பொய்யக் குடுத்தியே, அதான்யா எனக்குத் தாங்கல என்றாள். நான் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கறந்து முடித்துச் செம்பைக் கையில் கொடுத்து, நாளைக்கு எனக்கும் பாஸ்போட்டுக்கு எழுதிப் போடு, உன்னை நம்பி மூணாவது கட்டுக்கு அனுப்பமாட்டேன், நானும் வரேன் என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் பல்லாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும், பத்மாவதித் தாயார் உன் காலை நேராக்கித் தரவேண்டும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதே, படியில் கைப்பிடியை விடாதே. ஆபரேஷன் தேதியை விட மூன்றாவது படம் எடுக்கிற தேதியை அந்த டாக்டரிடம் முதலில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. அந்தத் தேதி எந்தச் சீசனில் வந்தாலும் சரி, விசில் இப்போதே முனிசாமியின் மகனிடம் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கிக்கொண்டு வரக் காத்திருக்கும் நைனா,
ஏழுமலை.
அம்மா பொன்னியம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.