செல் துண்டு

புதுக்குடியிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் யதுர்ஷிகாவுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இந்த முறை அதை விட்டுவிட்டேன். போனில் நீ அழுதால் எனக்குக் கதைக்க வராது. லீவுக்கு ஊருக்கு வந்த கௌசலா வெள்ளிக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

புற்றுநோய் வரக்கூடிய பரம்பரைக் கோளாறு உன் இரத்தத்தில் இருக்கிறது, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்தது என்று சோதனையில் கண்டார்கள் என்றாய். குடும்பத்தில் யார் எதனால் இறந்தார்கள் என்றும் கேட்டாய். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லையே என்று செத்தவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பாவம் மனுசன். நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

என் அக்கா, உன் கமலாசனிப் பெரியம்மா, போரில் செல் குண்டு பட்ட காயத்தால் இறந்தார் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அது பொய். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்த பிறகு அவரின் மார்பில் ஒரு கட்டி. இங்கே யார் உடம்பில்தான் இரும்பு இல்லை? செல் துண்டுதான், பேசாமல் இரடி என்றார். நானும் நம்பினேன். கடைசியில் அவர் பாயில் விழுந்து, நான் குளிப்பாட்டும்போதுதான் புண்ணைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அப்போது உனக்குக் கனடாச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். வெளியில் தெரிந்தால் பிள்ளையின்ர கலியாணம் குழம்பும் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். பத்து வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன், உனக்கு நல்லது என்று நினைத்து.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தை மாதத்திலிருந்து எனக்கும் மார்பில் ஒரு கட்டி. போரிலிருந்து என் தோளில் கிடக்கும் செல் துண்டுதான் கீழே இறங்கிவிட்டது என்று இருந்தேன். போன கிழமை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். துண்டு தோளிலேயே வெள்ளையாகத் தெரிந்தது. மார்பில இரும்பு ஒண்டும் இல்லை அம்மா என்றார் டொக்டர். புதன்கிழமை கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்களாம். செல் துண்டாக இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். அதற்காக அழுதவள் இந்த வன்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாயே. என்னிடமிருந்துதான் வந்திருக்கும், பிள்ளை. ஆத்திரம் தீர என்னை ஏசு. ஆனால் என்னைப் பார்க்க ஓடி வராதே. அங்கே டொக்டர் சொல்லும் நாளில், புற்றுநோய் வராமல் தடுக்கும் அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள். பேத்தி வளர்ந்து கேட்டால் பெரியம்மாவின் பெயரையும் என் பெயரையும் ஒளிக்காமல் சொல்லு.

நீ பல் விழுந்து, தலை நரைத்து, பேரப்பிள்ளைகளை ஏசிக்கொண்டு இருக்க வேண்டும். முருகனிடம் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் அம்மா
விமலேஸ்வரி