வெட்டிய பனிப்பூ

என் பிரியமான மதினிக்கு,

அண்ணன் நலம். கடலிலிருந்து வந்ததும் தானே கஞ்சி காய்ச்சிக்கொள்கிறார். உப்பைத்தான் அள்ளிப் போட்டுவிடுகிறார். நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. உங்கள் மகள் ஜெனி நாளைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து வருகிறாள். அதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் கடைசியாகப் பின்னிய பனிப்பூவை நான் வெட்டிவிட்டேன்.

இந்தப் பாம்பன் கரையில் வெண்பனி ஏது? கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட நூலில் பனிப்பூ வேண்டும் என்று மடத்துச் சிஸ்டர் கேட்ட அன்று, டாட்டிங் லேஸ் பின்னுகிற நாங்கள் எல்லோரும் முழித்தோம். நீங்கள் மட்டும் நூல் சுற்றிய ஷட்டிலை எடுத்து, முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஒரு பூவை முடித்து நீட்டினீர்கள். அதற்கு ஐந்து கை. சிஸ்டர் சிரித்துவிட்டார்.

"பனிக்கு ஆறு கைம்மா. இது நட்சத்திர மீனுல்ல?"

"பனிய நீங்க பாத்திருக்கீகளா சிஸ்டர்?"

"எங்க பாத்தேன், படத்துலதாம்மா."

"நானும் பாக்கல. மீனத்தான் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரரு வலையில தெனம் ஏறுது."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டீர்கள். பிறகு நீங்கள் போட்டதெல்லாம் ஆறு கைப் பூக்கள்தான். எதையும் காகிதத்தில் வரைந்து வைத்ததில்லை. கையில் நூல் இருந்தால்தான் யோசனை ஓடும் என்பீர்கள். போன தவக்காலத்தில், எழுந்து உட்கார முடியாத நிலையிலும், தலையணையில் சாய்ந்தபடி ஒன்று போட்டீர்களே, அதுதான் எல்லாவற்றிலும் அழகு. கோயில் மரத்துக்கு அதே மாதிரி வேண்டும் என்று சிஸ்டர் இந்த வருடம் கேட்டார். நான் போடுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். என்னை அவசரக்குடுக்கை என்று நீங்கள் கூப்பிட்டது சும்மாவா?

நடுவில் ஆறு வளையம், சுற்றி ஆறு கை என்று போட்டேன். பூ படியாமல் கிண்ணம் மாதிரி குழிந்தது. இறுக்கத்தைத் தளர்த்தினேன், நூலை மாற்றினேன். மறுபடியும் கிண்ணம். நடுவில் ஏதோ மாயம் செய்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

"வளையத்த இழுத்து மூடிட்டா மூடுனதுதான் லூர்து. பிரிக்க நெனைக்காத, வெட்டத்தான் முடியும்" என்று சொன்னதும் நீங்கள்தான். போன வாரம் ஜெனி போனில் சொல்லியிருந்தாள். "அத்தை, அம்மாவோட கடைசிப் பூவ நாந்தான் மரத்துல மாட்டுவேன். யாரும் தொட வேணாம்." எல்லாம் தெரிந்துதான், நடுவைப் பிரித்துப் பார்க்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு நறுக்குதானே, ஒட்டுப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நறுக்கியதும் நூல் சிலும்பி, கைகள் தனித்தனியாக விழுந்துவிட்டன.

உள்ளே மாயம் ஒன்றும் இல்லை மதினி. நடுவில் இருந்தது ஐந்தே வளையம். அதில் ஒன்றில் மட்டும் இரண்டு கைகளைக் கோத்திருந்தீர்கள். சிஸ்டருக்கு ஆறு கை. உங்களுக்கு உங்கள் நட்சத்திர மீன்.

வெட்டியிருக்கவே வேண்டாம். எண்ணியிருந்தால் போதும். என் போனில் இருக்கிற அதன் போட்டோவில்கூட ஐந்துதான் தெரிகிறது. பனிக்கு ஆறு என்று காதில் விழுந்ததால் நான் ஆறாகவே பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எதைத்தான் பார்த்தேன்? அன்றைக்கு சிஸ்டர் சிரித்தது உங்களுக்கு வலித்ததா? நானும் சேர்ந்துதானே சிரித்தேன்.

நேற்று ஐந்து வளையம் வைத்து ஒன்று போட்டேன். அழகாகப் படிந்தது. கஞ்சி தோய்த்து, குண்டூசி குத்திக் காயவைத்தேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏ லூர்து, இது ஒன் மதினி போட்டதுதான?" என்று கேட்டார். அப்போதுதான் அந்தக் கள்ள எண்ணம் வந்தது. இதையே ஜெனியிடம் கொடுத்துவிட்டால் என்ன? அவளுக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளை சந்தோஷமாக மாட்டுவாள், நானும் தப்பித்துக்கொள்வேன்.

இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அம்மா தொட்ட நூல் என்று அவள் அதை முத்தமிடுவாள் மதினி. வருடா வருடம் முத்தமிடுவாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது.

அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு ஜெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, வெட்டிய பூவை அவள் கையில் கொடுப்பேன். வெட்டியது நான்தான் என்று சொல்வேன். அவள் அழட்டும், திட்டட்டும், என்னோடு பேசாமலேகூட இருக்கட்டும். என்றைக்காவது மனம் ஆறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நடுவில் எத்தனை வளையம் என்று அவளையே எண்ணச் சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
அவசரக்குடுக்கை லூர்து