நான் படிக்காமல் விட்ட நான்காம் அங்கம்

என் கண்ணு கோகிலாவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. இப்போதும் வந்துவிடவில்லை. ஆனால் போன வாரம் நடந்ததை வேறு யாரிடம் சொல்வேன்?

நம் பி.ஏ. வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் மட்டும் அந்த ஆங்கில நாடகத் தாளில் அரியரோடு நிற்கிறேன். அதை முடித்தால்தான் பி.எட். சேர முடியும். அதனால் நாமக்கல்லில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த நாடகத்தை வாங்கினேன். இடப்பக்கம் பழைய ஆங்கிலம், வலப்பக்கம் இன்றைய ஆங்கிலம். நீ காலேஜ் நூலகத்தில் எடுத்து வைத்திருந்தாயே, அதே பதிப்பு.

சனிக்கிழமை மலைமேல் நம் ஊருக்கு ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டும். நீயோ புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கதை சொல்லி வருவாய். “இந்தச் சீமாட்டி இருக்கறாளே, நம்ம மலையில ஆலத்தூர் நாட்டுக்காரியாட்டம் வாயாடிடி. மனசு பூரா ஆசைய வெச்சுக்கிட்டு அவனைத் திட்டறா பாரு!” என்பாய். அந்தக் காதலும் கேலியும் உன் வாய் வழியாகத்தான் எனக்குப் புரிந்தது. மீதிக்குக் கைடு இருந்தது. மூன்றாம் அங்கம் முடிவதற்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. நீ அதற்குள் முழுவதும் படித்துவிட்டிருந்தாய். நான் படிக்கவில்லை.

பிடித்த வசனங்களைத் தாளில் எழுதிப் பழகும் வழக்கம் உனக்கு. பழைய ஆங்கிலத்தை விட்டுவிட்டு, இன்றைய ஆங்கிலத்தை மட்டும் எழுதுவாய். பேசப் பழக அதுதான் உதவும் என்பாய். பழையதை எழுதியிருக்கக் கூடாதா, கோகி? பார்த்தவுடன் பாடம் என்று தெரிந்திருக்குமே. அப்படி நீ எழுதிய ஒரு தாள் உன் அண்ணன் கையில் சிக்கியது; இன்றைய ஆங்கிலத்தில் அது யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் போலவே இருந்தது.

ஆங்கிலம் தெரியாத உன் அண்ணன் பெருமாள் அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலத்தை மறக்க என்னால் ஆகவில்லை. நீ அவர் பின்னால் அழுதுகொண்டு வந்தாய்.

“ரேவதி, இதுல என்ன எழுதியிருக்குது? ஒளிக்காமப் படிச்சுச் சொல்லு.”

தமிழில் படித்துச் சொன்னேன்: ‘நீங்கள் கூப்பிட்டால் இந்த வீட்டை விட்டு இப்போதே வந்துவிடுவேன். என் அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது.’

“பாடம்னு சொல்றா. பாடத்துல இது வருதா?”

“பாடந்தாண்ணா. டீச்சரைக் கேட்டுப் பாருங்க” என்றாய் நீ.

“காலேஜுக்குப் போயி நானே என் தங்கச்சி மானத்த வாங்கோணுமா? ரேவதி, நீ சொல்லு.”

நான் சொன்னேன்: “நான் படிச்ச வரைக்கும் இல்லீங்கண்ணா.”

அது பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நானும் நம்பிவிட்டேன். ஒருத்தனை நினைத்துக்கொண்டு என்னிடம்கூட மறைத்துவிட்டாளே என்று உள்ளுக்குள் கோபம் வந்தது.

நீ என்னைத் திட்டவில்லை. “நீ முழுசாப் படிக்கவே இல்லையாடி?” என்று மட்டும் கேட்டாய்.

அதோடு உன் படிப்பு நின்றது. இரண்டே மாதத்தில் மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தது. நான் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். இப்போதும் ஊரில் உன்னை ‘லவ் பண்ணுன புள்ள’ என்றுதான் சொல்கிறார்கள். உன் அம்மா, என் பெரியம்மா, உன் போட்டோவைச் சுவரில் மாட்டவே இல்லை. உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்கள்.

போன வாரம் அந்த நாடகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், சிரித்தேன். நான்காம் அங்கத்தில் பக்கத்தைத் திருப்பினால் வலப்பக்கம் உன் வரி. ஒரு சொல் மாறவில்லை. அந்தச் சீமாட்டி தன் காதலனுக்கு எழுதும் கடிதம் அது. அவள் அண்ணன் கையில் அகப்படுகிறது. அவன் சம்பந்தமே இல்லாத ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். நாடகத்தில் அதுதான் பெரிய வேடிக்கை. கடைசியில் அந்த அண்ணனே தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கிறான். அதற்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை புத்தகத்தோடு போனேன். உன் அண்ணன் லாரிக்கு மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். வரியைக் காட்டிச் சொன்னேன்.

“அப்ப அந்தப் பையன் யாரு?”

“பையனே இல்லீங்கண்ணா. அது பாடம்.”

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “கல்யாணத்தன்னைக்கு அவ என்னைய ஏறிட்டும் பாக்கல. திமிருன்னு நெனச்சேன்” என்றார். லாரிக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனுக்குக் காதில் விழவில்லை. நான் கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்.

“அம்மாகிட்டச் சொல்லிராத சாமி. அவங்க தாங்க மாட்டாங்க.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். திண்ணனூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். யாருக்காக இந்த மறைப்பு? பெரியம்மாவுக்காகவா, எங்கள் இரண்டு பேருக்காகவா?

கோகி, உன்னைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் செய்வேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் போவேன். அந்த நாடகத்தை முதல் அங்கத்திலிருந்து நம் பேச்சில் சொல்வேன். அந்தக் கடிதம் வரும்போது, அது யாருடையது என்பதையும், அன்று நான் என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வெளியே போ என்று துரத்தினால் வாசலில் நின்றாவது சொல்லி முடிப்பேன். உன் அம்மா உன் பேரை வாய் திறந்து சொல்லி அழட்டும்.

உன் சித்தி மகள்,
ரேவதி